பழுது உண்டா?

எங்கள் எதிர் வீட்டில் தறிச் சத்தம் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். அலாரம் வைத்து எழுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. வேலூரில் கம்ப்யூட்டர் படித்த மூன்று ஆண்டுகளும், கண்ணமங்கலம் வழியாகப் போகிற ஏழு மணி பஸ்ஸை நான் தவறவிடாமல் பிடித்தேன் என்றால் அதற்கு அந்தச் சத்தம்தான் காரணம். தறியில் உட்கார்ந்திருந்தவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ரத்த உறவு எதுவும் இல்லை. ஆரணியில் நெசவாளர் தெருவில் எல்லோருக்கும் எல்லோரும் ஏதாவது ஒரு முறை ஆவார்கள், அவர் எனக்கு மாமா முறை. நான் பல் விளக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் ஜன்னல் வழியாக, "இன்னா பாப்பா, இன்னிக்கும் பஸ்ஸுக்கு ஓட்டமா?" என்பார். கை நிற்காது.

அந்தத் தறி ஒரு நாள் நின்றது. நிறுத்தியது நான். வேறு ஊரில் வேறு வேலையில் இத்தனை ஆண்டுகள் கழித்துவிட்டு இப்போதுதான் இதை இப்படி நேராக எழுத முடிகிறது.

படிப்பை முடித்து நான் வீட்டில் உட்கார்ந்தபோது இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. என்னோடு படித்த பையன்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள். என்னை அனுப்ப வீட்டில் மனமில்லை. அந்தக் கோபத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்போதுதான் கடைவீதியில் இருந்த ஒரு பட்டு முதலாளி ஆள் அனுப்பினார். பக்கத்துக் கடைக்காரர் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டாராம், அதனால் இவரும் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. மேலே ஒரு துணியைப் போட்டு மூடி, ஊதுபத்தி காட்டி வைத்திருந்தார்.

அவருடைய தொழில் இப்படி நடக்கும். நெசவாளர்கள் அவரிடம் பாவு, அதாவது நீளவாட்டு நூல், வாங்கிக்கொண்டு போய் வீட்டுத் தறியில் நெய்து, புடவையாகத் திருப்பிக் கொண்டுவருவார்கள். கடையின் உள்ளறையில், ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேசை. அங்கே ஓர் அக்கா உட்கார்ந்து ஒவ்வொரு புடவையையும் விரித்துப் பார்ப்பார். இழை அறுந்திருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா, கரை சேர்கிற இடத்தில் பிசிறு நிற்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஊரில் அதை டேமேஜ் என்றுதான் சொல்வார்கள். அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணால் பார்ப்பதைவிட உள்ளங்கையால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். டேமேஜ் ஆன புடவை தனி அலமாரிக்குப் போகும். மாதம் ஒரு தரம் ஒருவர் வந்து அவற்றை மொத்தமாக எடுத்துக்கொண்டு போவார்.

முதலாளி என்னிடம் கேட்டது ஒரே விஷயம். யார் புடவையில் டேமேஜ் வருகிறது என்று கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று தரம் வந்துவிட்டால் அந்த ஆளுக்கு முகூர்த்தப் பாவு தரக்கூடாது. "என் வாயால சொன்னா சண்டைக்கு வர்றாங்கம்மா. மெஷினு சொன்னா ஒத்துக்குவாங்க" என்றார்.

முகூர்த்தப் புடவை என்றால் கல்யாணப் பெண் மணையில் உட்காரும்போது உடுத்துகிற கூரைப் புடவை. எல்லோர் கையிலும் அந்தப் பாவைத் தந்துவிட மாட்டார்கள். அதை நெய்கிறவர் என்றால் தெருவில் ஒரு மரியாதை உண்டு. எதிர் வீட்டு மாமா முகூர்த்தத்தைத் தவிர வேறு நெய்ததில்லை. அவர் பேரைச் சொல்லாமல், "முகூர்த்தக்காரர் வீடு" என்றே எங்கள் தெருவில் அடையாளம் சொல்வார்கள்.

நான் ஒரு வாரத்தில் எழுதி முடித்துவிட்டேன். திரையில் நெசவாளர் எண்ணையும் புடவை எண்ணையும் தட்டிவிட்டு 'சேமி' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். உடனே ஒரு சின்னப் பெட்டி வந்து, டேமேஜ் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்கும். கீழே யெஸ், நோ என்று இரண்டு பொத்தான். யெஸ் என்றால் பெயருக்கு எதிரே ஒரு குறி ஏறும். மூன்றாவது குறியில் பெயர் முகூர்த்தப் பட்டியலிலிருந்து விழும். கேட்பது, பதிலை வாங்குவது, குறி போடுவது, பட்டியலிலிருந்து தள்ளுவது என்று அத்தனையும் அந்த ஒரு பொத்தானுக்குள்ளேயே அடைத்திருந்தேன். அப்படிச் செய்யாதீர்கள் என்று கல்லூரியில் தலைதலையாக அடித்துக்கொண்டார்கள். திரையில் காட்டுவது ஒரு வேலை, முடிவெடுப்பது வேறு வேலை, இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுக் குழப்பாதீர்கள் என்றார்கள். பரீட்சையில் அதை நான் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் சின்ன ஊர், சின்னக் கடை, இதற்குப் போய் அத்தனை ஒழுங்குமுறை எதற்கு என்று அலட்சியம்.

நான்கைந்து மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அக்கா பத்தாவது வரை படித்தவர். யெஸ்ஸையும் நோவையும் இரண்டே நாளில் பழகிக்கொண்டார். நெசவாளர்கள்தான் கம்ப்யூட்டரைப் பார்த்து மிரண்டார்கள். சிலர் புடவையை விரிக்கும்போது முந்தியை அக்காவுக்குக் காட்டாமல் திரைக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார்கள். அது பார்த்துத்தான் முடிவு சொல்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டில் வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அது புடவையைப் பார்ப்பதில்லை என்று அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் எனக்கு ஆசை வந்தது. பெட்டி தமிழில் கேட்டால் எப்படி இருக்கும்? விண்டோஸ் தருகிற பெட்டியில் அப்போது தமிழ் எழுத்து வராது. அதனால் நானே அதைப் போல ஒரு பெட்டியைச் செய்தேன். தமிழ் எழுத்துருவை ஏற்றி, 'பழுது உண்டா?' என்று பெரிதாக எழுதி, கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான் வைத்தேன். முதலாளிக்கு வாயெல்லாம் பல். கடைவீதியிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்து காட்டினார். கம்ப்யூட்டர் தமிழ் பேசுகிறது என்று அவர்கள் சொன்னபோது நான் தரையில் நிற்கவில்லை.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு அக்கா தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"பாப்பா, அந்த ரெண்டாவது பட்டன்ல வேற வார்த்தை எதுனா போட முடியுமா?"

"ஏங்க்கா? இல்லைன்னா இல்லைதானே?"

"அதுக்கில்ல. முகூர்த்தப் பொடவைய மடியில வெச்சிகினு…" என்று இழுத்தார்.

எனக்குப் புரிந்தது. புரியாமல் என்ன, நானும் அந்தத் தெருப் பெண்தானே. முகூர்த்தப் புடவை தறியிலிருந்து இறங்கியதும் ஒரு முனையில் மஞ்சள் தடவி, வெள்ளிக்கிழமை காலையில்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை வாங்குகிறவர் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது கையில் இருக்கும்வரை 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது. ஒரு பெண்ணின் வாழ்க்கை தொடங்கப்போகிற துணி அது. பழுது இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "நிறைவா இருக்குது" என்பார்கள்.

"அக்கா, கம்ப்யூட்டருக்கு நல்ல நாள் கெட்ட நாள் எல்லாம் தெரியாது. சும்மா அழுத்துங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு சொல்லை மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. படித்தவள் என்ற திமிர், வேறு காரணம் எதுவும் இல்லை.

பிறகு முதலாளியின் சித்தப்பா கடைக்கும் கொஞ்சம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் அந்தப் பக்கம் போய்விட்டேன். மூன்று மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எதிர் வீட்டு மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். எப்போதும் உள்ளே வந்து உட்காருகிறவர், அன்றைக்குப் படியிலேயே நின்றார். சட்டைப் பொத்தானைத் தப்பாக மாட்டியிருந்தார். கையில் மடித்த ஒரு தாள். முதலாளி வாரா வாரம் அச்செடுக்கிற பட்டியல் அது. நான் எழுதிய பட்டியல். அவர் பெயருக்கு எதிரே மூன்று குறி இருந்தது.

"பாப்பா, நீதான இத செஞ்சவ. உன்னக் கேட்டா தெரியும்னு வந்தேன். இதுல தப்பு வருமாம்மா?"

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். தேதி, புடவை எண் எல்லாம் சரியாக இருந்தன. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. என் வேலையைச் சந்தேகப்படுகிறாரே என்று.

"வராது மாமா. நாம இன்னா குடுக்கறமோ அதத்தான் அது சொல்லும். அதா எதுவும் சேத்துக்காது."

அவர் தலையாட்டினார். "மொதலாளியும் அதத்தான் சொன்னாரு. பொடவையக் காட்டுங்கன்னேன், டேமேஜ் பொடவைங்க எல்லாம் நேத்தே போயிடுச்சின்னாரு." தாளைத் திரும்ப வாங்கி மடித்தார். "நானும் எறக்கறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல வெச்சி பாத்துகினுதாம்மா இருக்கேன். அக்கா நிறைவுன்னதும் முறைக்குச் சொன்னதுதான் போல. எனக்கு ஒண்ணும் தெரியல. அதுக்குத் தெரிஞ்சிருக்குது."

அவருக்கும் அது புடவையைப் பார்க்கிறது என்ற எண்ணம்தான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அது பார்ப்பதில்லை மாமா, உள்ளே உட்கார்ந்து பார்ப்பது அக்கா, போய் அவரைக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கிவிடும் என்று உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வாரம் அவர் வேலூருக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார். ஐம்பதைத் தாண்டிய எவருக்கும் வருகிற வெள்ளெழுத்துதான். டாக்டர் ஒரு கண்ணாடியை எழுதிக் கொடுத்தார். அதை மாமா தன் மேல் எழுதிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். முதலாளி சாதாப் புடவைக்கு வேறு பாவு தருகிறேன் என்றாராம். "கண்ணு போன கையி, இன்னொருத்தர் பட்ட எதுக்குங்க கெடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். இதை அத்தைதான், அவர் மனைவி, என் அம்மாவிடம் சொல்லி அழுதார். தெருவில் விஷயம் பரவியது. முகூர்த்தக்காரருக்குக் கண் போய்விட்டது என்றார்கள். ஒரு கல்யாண வீட்டில் அவரை யாரோ கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப்போனதை நானே பார்த்தேன். அவர் கையை உதறவில்லை, கூடவே நடந்து போனார்.

மாதம் ஒன்று ஆவதற்குள் செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பொட்டலம் கட்டுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டார். காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். ஆறு மணிக்கு எதிர் வீட்டில் சத்தம் இல்லை. நான் முதன்முதலாக ஓர் அலாரம் கடிகாரம் வாங்கினேன்.

இந்த இடத்தில் நான் சந்தேகப்பட்டேன் என்று எழுதினால் பொய். எனக்குச் சந்தேகமே வரவில்லை. வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை முதலாளி கடையில் பிரிண்டர் மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டார்கள். போயிருந்தேன். ரிப்பனை மாற்றிக்கொண்டிருக்கும்போது அக்கா கேட்டார்.

"உங்க எதிர் வீட்டுக்காரரு ஏன் பாப்பா வர்றதே இல்ல? ஒடம்பு சரியில்லியா?"

"உங்களுக்குத் தெரியாதா? மூணு டேமேஜ் ஆயிடுச்சே. கண்ணு…"

"யாருக்கு?" அக்கா கையிலிருந்த புடவையை மேசையில் வைத்துவிட்டார். "அவரு பொடவையிலயா? எத்தினி வருஷமா நான் தடவிப் பாக்கறேன், ஒரு பிசிறு கெடையாது பாப்பா. நான் எப்ப டேமேஜ் போட்டேன்?"

ரிப்பனை அப்படியே மேசையில் போட்டேன். பட்டியலை அக்கா பார்ப்பதில்லை, அது முதலாளி மேசைக்குப் போகும். முதலாளி புடவையைப் பார்ப்பதில்லை, அது அக்கா மேசையோடு சரி. அக்கா கண்டுபிடித்திருப்பார் என்று முதலாளி நினைத்தார். மாமா வராமல் போனதும், வேறு முதலாளியிடம் பாவு எடுத்துவிட்டார் போலிருக்கிறது, இல்லாவிட்டால் உடம்புக்கு என்னவோ என்று அக்கா நினைத்தார். நடுவில் இருந்தது நான் எழுதியது மட்டும்தான்.

அன்றே தேட ஆரம்பித்தேன். எங்கே தப்பு என்று தெரியாதபோது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நிரலின் நாலு வரிக்கு ஒரு பெட்டியை வைத்து, 'இங்கே வந்துவிட்டேன்', 'இப்போது பதில் இது' என்று அதையே சொல்ல வைப்போம். பெட்டியில் வந்த கோளாறைப் பிடிக்கப் பெட்டிகளையே காவல் வைத்தேன். அப்புறம் நானே உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டினேன். ஆம் என்று அழுத்தினால் ஆம் என்று சொல்லியது. இல்லை என்று அழுத்தினால் இல்லை என்று சொல்லியது. நூறு தரம் இருக்கும். மாமாவின் எண்ணைப் போட்டே முப்பது தரம் அழுத்தினேன். ஒரு தப்பும் இல்லை. மூன்று நாள் இதே பேஜார். எனக்கு அழுகையாக வந்தது. அக்கா பொய் சொல்கிறார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதற்கும் சேர்த்துத்தான் இந்த வெட்கம்.

நான் செய்த சோதனையில் எல்லாம் இருந்தது, புடவை மட்டும் இல்லை. வெறும் மேசையில், செவ்வாய்க்கிழமை மதியம், மடியில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்காவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். காவல் பெட்டிகளை எடுக்கவில்லை. "ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொட்டி கூட வரும், சரின்னு தட்டிகினே போங்கக்கா" என்று மட்டும் சொல்லி வைத்தேன். முதலில் நாலைந்து சாதாப் புடவைகள். அக்கா தடவிப் பார்த்தார், ஆம் என்றோ இல்லை என்றோ அழுத்தினார், எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு களம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். தறிக்குப் புதியவர், அவர் புடவையில் வாரம் தவறாமல் ஏதாவது இருக்கும். அன்றைக்கும் ஓர் இழை அறுந்திருந்தது. அக்கா 'ஆம்' அழுத்தினார். அது நியாயம்.

களம்பூர்க்காரர் எழுந்துகொண்டே சொன்னார். "முன்னெல்லாம் முகூர்த்தக்காரரு இருப்பாருங்க. எனக்கு பஸ்ஸு போயிடும்னு, நீ ஜல்தி முடிச்சிகினு போப்பான்னு தன்னோட முறைய எனக்கு உட்டுக் குடுப்பாரு. இப்ப அவரக் காணோம்."

அவருக்கு அடுத்து ஒரு முகூர்த்தப் புடவை வந்தது. மஞ்சள் முனை. அக்கா எழுந்து நின்று வாங்கி, கண்ணில் ஒற்றி, மடியில் விரித்தார். உள்ளங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. முகம் மலர்ந்தது. "நிறைவா இருக்குதுங்க" என்றார். 'சேமி' அழுத்தினார். 'பழுது உண்டா?' என்று என் பெட்டி கேட்டது.

அக்காவின் கை மவுஸை நகர்த்தியது. 'இல்லை' என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் போய், அதைத் தொடாமல் தாண்டி, மேலே ஏறி, பெட்டியின் வலது மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அழுத்தி மூடியது. பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியை வீட்டில் எப்படி நாசூக்காகத் தட்டிக்கழிப்போமோ, அப்படி. உடனே என் காவல் பெட்டி எழுந்தது. 'இப்போது பதில்: ஆம்.'

நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன். அக்கா திரும்பிப் பார்த்து, "இன்னா பாப்பா?" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். பதிலை வைக்க ஓர் இடம் ஒதுக்கியிருந்தேன். ஆம் என்றால் அங்கே ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். எதையும் அழுத்தாமல் மூடினால் என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. விண்டோஸின் ஆங்கிலப் பெட்டியில் யெஸ், நோ இரண்டில் ஒன்றை அழுத்தாமல் மூடவே முடியாது. நான் செய்த தமிழ்ப் பெட்டியில் மூட முடிந்தது. மூடினால் முந்தின புடவைக்குச் சொன்ன பதில் அப்படியே அங்கே கிடக்கும், அது இந்தப் புடவையின் தலையில் ஏறும். முன்னால் வந்தது நல்ல புடவையாக இருந்தால் யாருக்கும் தெரியாது. மாமாவுக்கு முன்னால் மட்டும் வெள்ளிக்கு வெள்ளி அந்தக் களம்பூர்க்காரர். அவர் பஸ்ஸைப் பிடிக்கட்டும் என்று மாமா வழிவிட்டார். அவருடைய பழுது மாமாவின் பெயரில் ஏறியது.

அக்காவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "மூடிட்டா, ஒண்ணும் சொல்லலைன்னு எடுத்துக்கும்னு நெனச்சேன் பாப்பா. அன்னிக்கே உன்னக் கேட்டேனே." ஆமாம், கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒரு சொல்கூட இல்லை.

முதலாளியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார், நெற்றியைத் தடவிக்கொண்டார். "அவருக்கு நானே போன் போட்டு பாவு எடுத்துக்கச் சொல்றேன். ரெண்டு பாவா வேணா தரேன். ஆனா மெஷினு தப்பு சொல்லிச்சின்னு மட்டும் வெளிய உடாதம்மா. நாளைக்கி ஒவ்வொருத்தனும் வந்து நிப்பான்" என்றார். ஒவ்வொருத்தரும் வந்து நிற்கத்தானே வேண்டும் என்று கேட்டேன். வேறு யார் யார் தலையில் இப்படி ஏறியிருக்கிறது என்று எனக்கே தெரியாது. என் குரல் அந்தக் கடையில் அதற்கு முன்னால் அவ்வளவு உயர்ந்ததில்லை.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். பொத்தானுக்குள் அடைத்திருந்ததை எல்லாம் வெளியே எடுத்தேன். பெட்டியின் வேலை கேட்பது மட்டும். குறி போடுவதும் பட்டியலிலிருந்து தள்ளுவதும் வேறு இடத்தில், தனியாக. அந்த இடம் தெளிவான பதில் கையில் வந்தாலொழிய எதையும் எழுதாது. பதில் வரவில்லை என்றால் வரவில்லை என்றே வைத்துக்கொண்டு மறுபடி கேட்கும். மூன்றாவது குறி விழுவதற்கு முன்னால் புடவையை எடுத்து வைத்து, நெசவாளரை நேரில் கூப்பிட்டுக் காட்டச் சொல்லும். இப்படிப் பிரித்த பிறகு பொத்தானின் மேல் எந்தச் சொல்லை எழுதினாலும் விதி கெடாது. 'இல்லை' என்பதை எடுத்துவிட்டு 'நிறைவு' என்று போட்டேன். இரண்டு நிமிடம்தான் ஆனது. மாமாவின் பெயருக்கு எதிரே இருந்த மூன்று குறிகளை அழிக்க அதுகூட ஆகவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து, கம்பெனி பஸ் நிற்கிற முனைக்குப் போனேன். வீட்டில் வைத்து அத்தை முன்னால் சொல்லத் தைரியம் இல்லை. மாமா நீலச் சட்டை போட்டு, சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். கண்ணாடியோடு அவரை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

"இன்னா பாப்பா, இவ்ளோ காலையில? பஸ்ஸுக்கா?"

"உங்களப் பாக்கத்தான் மாமா." மூன்று நாளாக என்னென்னவோ சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. "அன்னிக்கு வந்து கேட்டீங்களே, இதுல தப்பு வருமான்னு. வரும் மாமா. வந்துடுச்சி. தப்பு என்னோடது. உங்க பொடவையில ஒண்ணுமே இல்ல. அக்கா ஒரு தரம்கூட டேமேஜ் சொல்லல. இன்னொருத்தரோடது உங்க பேர்ல ஏறிடுச்சி. அது பொடவையப் பாக்கறதே கெடையாது மாமா. அதுக்குக் கண்ணே கெடையாது."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ என் கண்ணு?" என்றார்.

"நல்லாத்தான் இருக்குது மாமா. இந்தக் கண்ணாடி வயசானா எல்லாருக்கும் வர்றது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. முதலாளி பாவு தரேன்னு சொல்லியிருக்காரு. நீங்க போனா…"

மாமா கண்ணாடியைக் கழற்றினார். இடது உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பார்த்தார், பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார், மறுபடி தள்ளிப் பார்த்தார். விரலை மடக்கி விரித்தார். தறியில் உட்காருவதற்கு முன்னால் அப்படிச் செய்வார், ஜன்னல் வழியாகப் பல தரம் பார்த்திருக்கிறேன்.

"ஜக்கார்டு பொட்டிய வித்துட்டேனே பாப்பா" என்றார்.

தறிக்கு மேலே ஏற்றி வைத்து டிசைனை எடுத்துக் கொடுக்கிற பெட்டி அது. அது இல்லாமல் முகூர்த்தம் நெய்ய முடியாது. வேறு வாங்கிக்கொள்ளலாம் மாமா, நான் முதலாளியிடம் பேசுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பஸ் திரும்புகிற வெளிச்சம் தெரிந்தது. அவர் சட்டை முனையால் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அது மட்டும் இல்ல பாப்பா. இனிமே நான் ஒரு பொடவைய எறக்கி, நிறைவா இருக்குதுன்னு வாயால சொல்லணுமே. எனக்கே நம்பிக்கை வரணுமே." என் தலையில் கை வைத்தார். "நீ வந்து சொன்ன பாரு, அது போதும். போ, பனி விழுது."

பஸ் வந்தது. ஏறும்போது கம்பியைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.